ஆதாரம் போதவில்லை, சார்

டாக்டரிடம் போனால் ஊசி போடுவார், வக்கீலிடம் போனால் வாய்தா வாங்கித் தருவார். புள்ளியியல் படித்தவனிடம் போனால் மட்டும் "உறுதியாச் சொல்ல முடியாதுங்க" என்று சொல்லிவிட்டு அதற்குக் கூலியும் கேட்பான். அந்தக் கடைசி ஆள் நான்தான். தனக்கே அரைகுறையாய்ப் புரிந்ததை அடுத்தவருக்குப் புரியவைத்துச் சாப்பிடுகிற பாவப்பட்ட ஜென்மங்களே, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும்.

எம்.எஸ்சி. முடித்துவிட்டு 2004-ல் சிதம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்தேன். முன்னால் டைப்பிங், பைண்டிங். பின்னால் ஒரு பிளைவுட் தடுப்பு, அதற்குள் நான், ஒரு கம்ப்யூட்டர், சுற்றாத டேபிள் ஃபேன். எம்.எட்., எம்.ஃபில். படிக்கிற வாத்தியார்கள் சர்வே எடுத்த தாள்களைக் கட்டித் தூக்கிக்கொண்டு வருவார்கள். நான் கணக்குப் போட்டு, அது என்ன சொல்கிறது என்று அவர்களுக்கு விளக்க வேண்டும். கணக்கு சீக்கிரம் முடிந்துவிடும். விளக்கம்தான் முடியாது.

என் குறி வேறு. கடலூரில் என் தாய்மாமாவுக்குக் கலைவாணி என்று ஒரே மகள். எனக்கும் கலைக்கும் சின்ன வயசிலிருந்தே ஒட்டுதல். மாமா விசைப்படகு வைத்திருந்தவர், பேச்சை நீட்டமாட்டார். "காலேஜ்ல ஒரு வேல வாங்கிக்கினு வா. ஜெராக்ஸ் கடைக்கு எப்டிடா பொண்ணு குடுக்கறது?" என்றார். ஆகவே இனிமேல் வருகிற எல்லாவற்றிலும் நான் ஒரு கல்லூரி வேலைக்கும், அதன் மூலமாகக் கலைக்கும் ஆலாய்ப் பறந்துகொண்டிருக்கிறேன் என்பதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

வலையை யார் அறுத்தது?

கடையில் சேர்ந்த புதிதில், மாமாவுக்கு என் தொழிலைப் புரியவைத்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி என்று ஒரு நப்பாசை. அவரைப் பார்க்கப் போனபோது கரையில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். யாரோ அறுத்துவிட்டார்களாம். பக்கத்துப் படகுக்காரன்மேல் சந்தேகம். ஆகா, உதாரணம் தானாகவே மடியில் வந்து விழுந்திருக்கிறதே என்று உட்கார்ந்தேன்.

"எங்க படிப்புல இன்னா பண்ணுவோம்னா மாமா, மொதல்ல அவன் அறுக்கலன்னு வெச்சுக்குவோம். அதுக்குப் பேரு நல் ஹைப்பாதிசிஸ். அவன் கை வெக்காமலே, பாறையில கீறையில மாட்டி இந்த மாதிரி கிழிய எவ்ளோ வாய்ப்பு இருக்குன்னு பாப்போம். அந்த வாய்ப்பு ரொம்ப ரொம்பக் கம்மியா இருந்தாத்தான், நாம மொதல்ல நெனச்சது சரியில்ல, அவன்மேல சந்தேகப்படலாம்னு முடிவு பண்ணுவோம்."

மாமா ஊசியை நிறுத்திவிட்டு என்னை நிஜமான கவலையோடு பார்த்தார். "அறுக்கலன்னு வெச்சுக்கினா, அப்பறம் சண்டய எங்கிருந்துடா ஆரம்பிக்கறது?"

பஸ்ஸில் போட்ட கோடு

சேத்தியாத்தோப்புப் பக்கத்திலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். ஒரு வகுப்புக்குப் படம் போட்ட அட்டைகளை வைத்துப் பாடம் நடத்தியிருந்தார், இன்னொரு வகுப்புக்கு எப்போதும் போல. அட்டைப் பிள்ளைகள் கொஞ்சம் கூடுதலாக மார்க் வாங்கியிருந்தார்கள். "அட்டையால ஒரு பிரயோஜனமும் இல்லன்னே வெச்சுக்குங்க. அப்பவும் சும்மா அதிர்ஷ்டத்துல இவ்ளோ வித்தியாசம் வரலாம் இல்லையா? அப்படி வர வாய்ப்பு நூத்துக்கு அஞ்சுக்குக் கீழ இருந்தா, இது வெறும் அதிர்ஷ்டம் இல்லன்னு எடுத்துக்கலாம்" என்றேன். ஏன் அஞ்சு, ஏன் ஆறு இல்லை என்று கேட்டார். எல்லாரும் கேட்பதுதான். பஸ்ஸில் பிள்ளைகளின் உயரம் பார்க்க ஒரு கோடு போட்டிருப்பார்களே, அது மாதிரி என்றேன். தலை கோட்டுக்குக் கீழே இருந்தால் டிக்கெட் இல்லை, மேலே போனால் அரை டிக்கெட். அந்தக் கோட்டை ஏன் அங்கே போட்டார்கள் என்று கண்டக்டருக்கும் தெரியாது, ஆனால் எங்காவது ஒரு கோடு வேண்டும். இந்த உதாரணத்தைச் சொல்லி முடித்ததும் எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

அப்புறம் அவருடைய கணக்கைப் போட்டேன். அஞ்சைத் தாண்டி மயிரிழை. மனிதர் பாவம், முகம் விழுந்துவிட்டது. சட்டையின் மேல் பட்டனைத் திருகிக்கொண்டு ஸ்க்ரீனையே பார்த்தார். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு, மெதுவான குரலில் சொன்னார்: "பஸ்ல எல்லாரும் பண்றதுதான சார், புள்ளயக் கொஞ்சம் குனியச் சொல்லுங்க."

உண்மைதான், ஆனால் உதவாது

இன்னொருவர் நாலு மூட்டை தாளோடு வந்தார். ஆசிரியைகளுக்கு மன அழுத்தம் அதிகமா, ஆசிரியர்களுக்கா என்று மாவட்டம் பூரா கேட்டிருக்கிறார். கணக்கு அடித்துச் சொன்னது, வித்தியாசம் இருக்கிறது என்று. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. வித்தியாசம் எவ்வளவு என்று பார்த்தால் அரை மார்க் கூட இல்லை. "இத்தனை பேரைக் கேட்டா தூசி கூடக் கண்ணுக்குத் தெரியும் சார். வித்தியாசம் இருக்கறது உண்மை, அதால யாருக்கும் ஒண்ணும் ஆகப்போறதில்ல" என்று விளக்கி அவர் சந்தோஷத்தைக் கெடுத்தேன். கல்லாவில் இருந்த ஓனர் ஜமால் பாய் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தார். "நல்லா வந்த மனுசனை ஏன்யா அழ வெக்கிற? நம்ம கடைக்கு நாலு மூட்ட ஜெராக்ஸ் ஆயிருக்கு இல்ல, அது பிரயோஜனம்தான?"

கடல் வருது

சுனாமிக்குப் பிறகு கொஞ்ச காலம் எங்கள் கடலூர்க் கரையில் யாராவது "கடல் வருது" என்றால் போதும், ஊரே மேற்கே ஓடும். நானும் ஓடியிருக்கிறேன், ஒற்றைச் செருப்போடு, லுங்கியைக் கையில் பிடித்துக்கொண்டு. அப்படி ஒரு தடவை ஓடிப்போய், ஒன்றும் இல்லை என்று தெரிந்து ரோட்டோரம் மூச்சு வாங்கி நின்றபோது பக்கத்தில் கலை, இடுப்பில் பக்கத்து வீட்டுக் குழந்தையோடு. என் வாய் சும்மா இருக்குமா?

"ரெண்டு வகை தப்பு இருக்கு கலை. ஒண்ணும் இல்லாதப்ப இருக்குன்றது மொதத் தப்பு. இருக்கறப்ப இல்லன்றது ரெண்டாவது தப்பு. ஒண்ணக் கொறச்சா இன்னொண்ணு ஜாஸ்தியாவும். நம்ம ஜனங்க மொதத் தப்ப ரொம்பப் பண்றாங்க" என்று வகுப்பெடுத்தேன். அலை வந்த அன்றைக்கு அவள் சிநேகிதி ஒருத்தி வீடு திரும்பவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் பேசினேன் பாருங்கள், அதுதான் படிப்பு. எங்கள் பக்க வழக்கப்படி என்னையும் அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, கோபமே இல்லாமல் சொன்னாள்: "ரெண்டாவது தப்பு எப்டி இருக்கும்னு பாத்துட்டோம் மாமா. மொதத் தப்புக்குக் காலுதான வலிக்குது, ஓடிட்டுப் போறோம் வுடு."

வைத்தியருக்கே வைத்தியம்

2011-ல் ஒருவழியாகக் கடலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் இடம் காலி என்று கேள்விப்பட்டுப் போனேன். முதல்வர் சாந்தமான மனிதர். "பி.எட். பசங்களுக்கு ஒரு வாரம் ஹைப்பாதிசிஸ் டெஸ்டிங் நடத்துங்க. நடத்தறதுக்கு முன்ன ஒரு பரீட்சை, நடத்தின பிறகு அதே தரத்துல ஒரு பரீட்சை. உங்க முறையிலயே உங்களப் பாத்துருவோம்" என்றார். எனக்கு உள்ளுக்குள் குதியாட்டம். இத்தனை வருஷமாக ஊரையே சோதித்தவன், என்னால் யாருக்காவது ஏதாவது புரிந்ததா என்று ஒரு நாளும் சோதித்ததில்லை.

வலை, பஸ் கோடு, எல்லாவற்றையும் இறக்கினேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மனசுக்குள் கல்யாணப் பத்திரிகை அடித்து முடித்துவிட்டேன். பிறகு இரண்டாவது பரீட்சைத் தாள்களைத் திருத்தினால், மார்க் முன்னைவிடக் குறைந்திருக்கிறது. கூட்டலில் தப்பு என்று மறுபடி கூட்டினேன். கூட்டல் சரி, நான்தான் தப்பு. பாதிக் கேள்விகளை வெறுமனே விட்டிருந்தார்கள். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வருகிற ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, ஏம்மா இப்படி என்று கேட்டேன். "மொதல்ல தெரியலன்னாலும் இதான்னு அடிச்சி வுட்டோம் சார். நீங்க நடத்தினதுலேர்ந்து எதப் பாத்தாலும் சந்தேகமா இருக்கு."

திங்கட்கிழமை வாங்க

தாள்களோடு முதல்வர் முன்னால் உட்கார்ந்தேன். மார்க் இறங்கியது உண்மை. ஆனால் இந்த அளவு இறக்கம் தற்செயலாகவும் வரக்கூடியதுதான் என்று கணக்கு சொன்னது. அதை அப்படியே சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "சரி, அப்ப உங்களால கெடுதல் ஒண்ணும் இல்லன்னு நிரூபணம் ஆயிடுச்சு. ஒரு வாரத்துல என்ன தெரியும், போகப் போகப் பழகிடும். திங்கட்கிழமை வந்து சேந்துக்குங்க" என்றார்.

நான் கும்பிட்டுவிட்டு எழுந்து வந்திருக்க வேண்டும். ஏழு வருஷமாக இந்த வாக்கியத்துக்காகத்தான் அலைந்தேன். ஆனால் பாழாய்ப்போன வாய் திறந்தது. "அப்படிச் சொல்லக் கூடாது சார். கெடுதல் இல்லன்னு நிரூபணம் ஆகல. கெடுதல் இருக்குன்னு சொல்ல ஆதாரம் போதல, அவ்ளோதான். கெடுதல் இருந்தாலும் இருக்கலாம்." அவர் பேனாவை மூடி வைத்தார். "உங்களுக்கு இந்த வேல வேணுமா வேணாமா சார்?"

கலை கேட்ட கேள்வி

வேலை கிடைக்கவில்லை. நேராக மாமா வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, மறைக்கவும் தோன்றவில்லை. மாமா கடைசிவரை கேட்டுவிட்டு, "கெடுதல் இல்லன்னு அவுரே சொல்றாரு. இருக்கலாம்னு நீ எதுக்குடா சொன்ன?" என்றார். வலைக் கதையிலிருந்து மறுபடி விளக்க ஆரம்பித்தேன், கையைக் காட்டி நிறுத்தினார். "எனக்கு ஒண்ணும் புரியல. அவகிட்ட நீயே சொல்லு. அவ சரின்னா எனக்கும் சரி, வேணான்னா வேணாம்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கலை உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். வந்த வரன்களையெல்லாம் எனக்காக வேண்டாம் என்றவள். வாசற்படியில் வந்து நின்று, "உன்னக் கட்டிக்கினா நான் நல்லா இருப்பனா மாமா?" என்று கேட்டாள். வேறு எவனாக இருந்தாலும் ராணி மாதிரி வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருப்பான். எனக்கும் சொல்ல ஆசைதான். தொண்டை வரைக்கும் வந்தது. "நீ நல்லா இருக்க மாட்டேன்னு சொல்ல ஆதாரம் எதுவும் இல்ல கலை" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கு அது போதும். அப்பாகிட்ட தேதி பாக்கச் சொல்லு."

2012-ல் கல்யாணம் நடந்தது. நல்லா இருக்கிறீர்களா என்று கேட்பவர்களிடம், சாம்பிள் ஒண்ணே ஒண்ணு என்பதால் எந்த முடிவுக்கும் வர முடியாது என்றுதான் இன்றைக்கும் சொல்கிறேன், அதுவும் கலை பக்கத்தில் இல்லாதபோது மட்டும்.