ஆறு நின்ற அன்று கேட்ட துஆ

யூசுப் மலையேறி வந்து தன் மகளைத் திருப்பிக் கேட்ட அன்று எங்கள் வீட்டில் உலை வைக்கவில்லை. நானும் என் மனைவி ரஹ்மத்தும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தோம். நடுவில் மைமூன், ஏழு வயதுக் குழந்தை, கடுக்காய்களை வரிசையாக அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. எனக்கோ கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அன்பான சகோதர சகோதரிகளே, அல்லாஹ்வின் சாந்தி உங்கள் எல்லோர் மீதும் இருக்கட்டும். எனக்கு மேடையில் நின்று பயான் செய்யத் தெரியாது. மூட்டைகளோடும் மாடுகளோடும் பேசிப் பழகிய வாய் இது. கோபம் வேறு மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும். என் ரப்பு, என்னைப் படைத்தவன், எனக்குச் செய்ததை எனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. வாணியம்பாடி வியாபாரி ஒருவருக்காக நான் ஜவ்வாது மலையில் தங்கிக் கடுக்காய் வாங்கிக்கொண்டிருந்தேன். தோல் பதனிடக் கடுக்காய் வேண்டும். மலைக்காரர்கள் பொறுக்கி வருவதை வாங்கி, காயவைத்து, பொதிமாடுகளில் ஏற்றி ஆலங்காயத்துக்கு இறக்குவது என் வேலை. எங்களுக்குக் குழந்தை இல்லை. ரஹ்மத்தின் தங்கை பிரசவத்தில் உயிர் பிரிந்து மவுத்தானாள். அவள் புருஷன்தான் யூசுப். பிறந்த பிள்ளையைச் சரியாக முகம்கூடப் பார்க்காமல் மெட்ராஸ் தோல் மண்டிக்கு வேலைக்குப் போனான். போனவன் போனவன்தான். பசியில் கத்திய அந்தச் சிசுவை ரஹ்மத் முந்தானையில் சுற்றி மலைக்குக் கொண்டுவந்தாள்.

ஆட்டுப்பாலில் வளர்ந்தவள் மைமூன். வாய் திறந்து முதலில் சொன்ன சொல் 'அத்தா', என்னைத்தான் அப்பா என்றாள். முறைப்படி நான் அவளுக்குப் பெரியத்தா. எத்தனையோ முறை திருத்தினேன், அவள் கேட்டால்தானே! வளர்ப்புப் பிள்ளையைப் பெற்றவன் பெயர் சொல்லித்தான் அழைக்க வேண்டும் என்பது மார்க்கம். அதில் நான் குறை வைக்கவில்லை. யார் மகள் என்று கேட்டால் 'யூசுப் மக' என்று சொல்லப் பழக்கியிருந்தேன். கிளிப்பிள்ளை போலச் சொல்லிவிட்டு என் தோளில் ஏறிக்கொள்வாள். யூசுப் என்பது ஏதோ ஊர் என்றுதான் அவள் நினைத்திருக்க வேண்டும்.

அந்த யூசுப்தான் அன்று கடுக்காய் காயும் களத்தின் ஓரத்தில் வந்து நின்றான். உள்ளே வா என்றேன், வரவில்லை.

"மறுபடி கல்யாணம் கட்டிக்கினேண்ணே. வாணியம்பாடியில டேனரி வேல. வூடு கீது. புள்ளைய இட்டுக்கினு போறேன்."

"அது உன்ன பாத்ததே இல்லியேடா."

"பாத்துப் பழகிப்பா. அடுத்த வாரம் வர்றேன். துணிமணி எடுத்து வெய்ங்க."

குழந்தையை ஒரு தரம் பார்த்தான். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். அவன் போனதும் ரஹ்மத் வெடித்தாள்.

"புதுப் பொண்டாட்டிக்குப் புள்ள பொறந்திருக்காம். தூக்கி வெச்சுக்க ஆளு வேணும். அதான் இத்தினி வருசம் கழிச்சுப் பாசம் பொத்துக்கினு வருது!"

பெற்றவன் கேட்கிறான். பஞ்சாயத்துக்குப் போனாலும், பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போனாலும் அவன் பக்கம்தான் நியாயம். எனக்கு இருந்தது அல்லாஹ் ஒருவன்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கையேந்தி அழுதேன். "யா அல்லாஹ், அவன் வரும் பாதையை அடைத்துவிடு. இந்தக் குழந்தையை என்னிடமிருந்து பிரிக்காதே." வேறெதுவும் நான் கேட்கவில்லை.

மழை பிடித்தது. கார்த்திகை மழை மலைக்குப் புதிதல்ல. இந்த மழை வேறு மாதிரி இருந்தது. இடி இல்லை, காற்று இல்லை. இறங்கிக்கொண்டே இருந்தது. எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு சுவர் ஏறின. மலைப்பாதையைக் குறுக்கே வெட்டிப் போகும் ஆற்றுப் பக்கம் ஆடுகளை ஓட்டினால் கால் ஊன்றி நின்றன, அடித்தாலும் நகரவில்லை. ஒரு நண்பகலில் மேலே எங்கோ பொதபொதவென்று ஏதோ விழும் சத்தம் கேட்டது. வீட்டுச் சுவர் அதிர்ந்தது. அதற்குப் பிறகு காற்றில் பச்சை மண் வாடை.

பாதை அடைபடுகிறது, என் துஆ அல்லாஹ்விடம் ஏறிவிட்டது என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். ரஹ்மத் மட்டும் வாசலில் நின்று மலை உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொன்ன நாளில் விடிந்தபோது மழை விட்டிருந்தது. முன்பகலில் யூசுப் வந்து நின்றான். வேட்டி கூட நனையவில்லை.

"எப்டிடா வந்த? ஆறு?"

"ஆத்துல தண்ணியே இல்லண்ணே. கணுக்கால் அளவு கூட இல்ல. அல்லா தொறந்து வுட்ட மாரி கீது."

அத்தனை மழைக்குப் பிறகு ஆற்றில் தண்ணீர் இல்லை என்கிறான். அந்தச் சொல் என் காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை. என் துஆ வீணாகிப்போனது என்ற ஒரே நினைப்புதான் எனக்கு. மைமூன் ரஹ்மத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்தினாள். விரல்களை ஒவ்வொன்றாக விலக்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. யூசுப் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். அவள் குரல் வளைவு தாண்டி, மரங்கள் தாண்டி, தேய்ந்து நின்றது. நான் மாடு கட்டும் கல்லில் உட்கார்ந்தேன்.

சற்று நேரத்தில் காளியப்பன் ஓடி வந்தான். என் பொதிமாடுகளை ஓட்டும் மலைக்காரன். பதற்றமே தெரியாத மனிதன் அவன். அன்று அவன் உதடு வெளுத்திருந்தது.

"பாய், ஆறு நின்னு போய்க்கீது."

"நின்னா இன்னா?"

"மேல மலை சரிஞ்சு அடைச்சிக்கினு கீது பாய். தண்ணி பூரா அதும் பின்னால நிக்குது. ஒடச்சுக்கினு எப்ப வரும்னு சொல்ல முடியாது. ஆத்துல யாரும் எறங்கக் கூடாது."

சகோதரர்களே, யோசித்துப் பாருங்கள். பாதையை அடை என்று கேட்டேன். என் ரப்பு அடைக்கப் போகிறான். என் மகள் அந்தப் பாதையில் இருக்கிறாள்.

பொதி கட்டும் கயிற்றை எடுத்துக்கொண்டு இருவரும் ஓடினோம். ஓடும்போதே நான் அழுதேன். "யா அல்லாஹ், திற! பாதையைத் திற! அவன் அவளைக் கொண்டு போகட்டும். அவள் எங்கேயாவது உயிரோடு இருந்தால் போதும். நீ காப்பாற்றிக் கொடு, நானே என் கையால் அவளை அவன் கையில் பிடித்துக் கொடுக்கிறேன்." இப்படி நேர்ந்துகொண்டே ஓடினேன்.

ஆற்றங்கரைக்கு வந்தபோது காட்டில் ஒரு பறவைச் சத்தம் இல்லை. ஆற்றின் நடுவில், தட்டையான பாறை ஒன்றில், யூசுப் உட்கார்ந்திருந்தான். அழுது களைத்த குழந்தைக்குப் பொரிகடலை கொடுத்துக்கொண்டிருந்தான். "ஏறிப் போடா! கரைக்கு ஏறு!" என்று கத்தினேன். அவன் எழுந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். குழந்தையைப் பறிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்தானோ என்னவோ.

அப்புறம் அந்தச் சத்தம். சந்தைக் கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் ஓடி வருவது போல. வளைவில் தண்ணீர் தெரியவில்லை. மண்ணும் மரமும் கல்லுமாக ஒரு சிவப்புச் சுவர்தான் தெரிந்தது. யூசுப் பக்கத்திலிருந்த உயரமான பாறையில் குழந்தையோடு தாவி ஏறினான். ஏறும்போதே ஒரு கட்டை வந்து அவன் காலில் அடித்தது. அவன் அலறியது வெள்ளத்தின் சத்தத்தை மீறிக் கேட்டது. ஆனாலும் பிடியை விடவில்லை. ஒற்றைக் காலில் நின்று மைமூனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான். தண்ணீர் அவன் இடுப்புக்கு வந்தது.

கயிற்றை வீசினோம். வெள்ளம் அதை ஒரு பக்கமாக அடித்துக்கொண்டு போனது. மறுபடி வீசினோம். மறுபடியும் அப்படித்தான். தண்ணீர் அவன் மார்புக்கு வந்தது. நான் கையேந்தினேன். "யா ரப்பே, யா ரப்பே" என்று கத்தினேன்.

மேலிருந்து ஒரு பெரிய மருத மரம் வேரோடு புரண்டு வந்தது. நேராகப் பாறையை நோக்கி வந்தது. காளியப்பன் முகத்தை மூடிக்கொண்டான். நானும் முடிந்தது என்று நினைத்தேன். மரம் வேகத்தில் ஒரு தரம் சுழன்றது. வேர்ப்பக்கம் எங்கள் கரையில் செருகிக்கொண்டது, தலைப்பக்கம் பாறைக்குப் பின்னால் சிக்கிக்கொண்டது. ஆள் நடக்க ஒரு பாலம்! அதைத் தற்செயல் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். நான் அங்கே நின்றவன்.

கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு மரத்தின் மேல் தவழ்ந்தேன். மறுமுனையைக் கரையில் நின்ற மரம் ஒன்றில் சுற்றிக் காளியப்பன் பிடித்தான். பாறைக்கு எட்டியதும் கை நீட்டினேன். மைமூன் வரவில்லை! யூசுபின் தலையை இறுகக் கட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். அந்த வெள்ளத்திலும் எனக்கு அது சுருக்கென்றது. யூசுப்தான் சொன்னான்.

"போம்மா, அத்தா வந்திருக்காரு, போ."

அவளைக் கரையில் சேர்த்துவிட்டு மறுபடி மரத்தில் கால் வைத்தேன். காளியப்பன் என் தோளைப் பிடித்தான். "வேணாம் பாய். மரம் ஆடுது."

"வுடுய்யா, அவன் கையில குடுக்கறேன்னு வாக்கு குடுத்துக்கீறேன்" என்றேன். காளியப்பனுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. போனேன். கால் முறிந்தவனை முதுகில் கட்டி இழுத்து வந்தேன். நாங்கள் கரையேறியதும் மரம் முறிந்து போனது. அல்ஹம்துலில்லாஹ். வேறென்ன சொல்ல?

கால் கூடும்வரை யூசுப் எங்கள் வீட்டில்தான் கிடந்தான். மைமூன்தான் கஞ்சி கொண்டு போய்க் கொடுப்பாள். ஒரு நாள் அவன் தானாகச் சொன்னான். "அவ அம்மா மூஞ்சி அப்டியே இவளுக்கு. அத்தப் பாக்க முடியாமதான் ஓடுனேண்ணே." இத்தனை வருடம் அவனைக் கல்நெஞ்சன் என்று திட்டியிருக்கிறேன்.

நேர்ச்சையை ரஹ்மத்திடம் சொன்னபோது சாமியாடிவிட்டாள். "நேந்துக்கறதுக்கு முன்னால என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா?" ஆற்றங்கரையில் உன்னை எங்கே தேடுவேன் என்றேன். மறுநாள் அவளே வந்தாள்.

"புள்ளைய குடுக்கறேன்னுதான சொன்னீங்க? நாம இங்கியே கெடப்போம்னு சொல்லலியே."

அப்படித்தான் மலையை விட்டு இறங்கினோம். மைமூனின் கையை யூசுபின் கையில் நானே பிடித்துக் கொடுத்தேன். வாணியம்பாடியில் அவன் தெருவிலேயே ஒரு வீடு பார்த்தோம். எனக்குக் கடுக்காய் கிடங்கில் வேலை. மைமூன் அங்கே தூங்குவாள், இங்கே சாப்பிடுவாள், சண்டை என்றால் இடம் மாறுவாள். பிள்ளை தூக்க ஆள் தேடுகிறான் என்று பழித்த ரஹ்மத், யூசுபின் சின்னப் பிள்ளைகளைத் தானே இடுப்பில் தூக்கி வளர்த்தாள். என்னையும் யூசுபையும் மைமூன் அத்தா என்றுதான் கூப்பிட்டாள். தெருவில் கூப்பிட்டால் இருவரும் திரும்புவோம்.

அறுபதுகளின் கடைசியில் அவளுக்கு நிக்காஹ் வைத்தோம். பெண்ணின் வலீ, அதாவது பெண்ணைக் கொடுக்கும் பொறுப்பாளர், யார் என்று ஹஜ்ரத் கேட்டார். நான் பின்வரிசையில் நின்றேன். அது பெற்றவனின் இடம். யூசுப் காலை இழுத்தபடி முன்னால் போனான்.

"தகப்பன்னு எம்பேர எழுதிக்கோங்க ஹஜ்ரத். குடுக்கறதுக்கு எனக்குப் பதிலா அவர வக்கீலா வெக்கறேன்."

"நீதான் இங்கியே கீறியேப்பா. அப்பறம் இன்னாத்துக்கு வக்கீலு?"

"அவரு குடுத்தாதான் அவ போவா."

சபை ஒதுங்கி வழிவிட்டது. மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஹஜ்ரத் வாசகம் சொல்லிக்கொடுத்ததும் நான் திரும்பி யூசுபைப் பார்த்தேன். யூசுப் என் முதுகில் கை வைத்தான். பிறகு சொன்னேன், சத்தமாகவே சொன்னேன்.

சகோதர சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளைக்காக யாராவது கையேந்திக்கொண்டிருப்பீர்கள். பயப்படாமல் கேளுங்கள், கேட்டுவிட்டு அவனிடமே விட்டுவிடுங்கள். பிள்ளை இல்லாதவனாக மலையேறியவன் நான். இப்போது மைமூனின் பிள்ளைகள் என் தோளில் ஏறி விளையாடுகிறார்கள்.