வால் வண்டி ஓரெஸ்ட்

ஓரெஸ்டும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். கனடாவில், சஸ்காட்செவானில் கோதுமை வயல்களுக்கு நடுவே முன்னூறு பேர் இருந்த ஊர் எங்களுடையது. பாதிப் பேர் அவனைப் போல உக்ரைன் வழி வந்தவர்கள், மீதிப் பேர் எங்களைப் போல நார்வே வழி. பள்ளியில் வரிசையில் அவன் எப்போதும் கடைசியில்தான் நிற்பான். அந்த இடம் அவனுக்குப் பிடித்திருக்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது தப்பு என்று தெரிய எனக்கு எழுபத்தோரு வயதாக வேண்டியிருந்தது.

முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டினான். மைனஸ் நாற்பது டிகிரிக் குளிரில் ஊரே போர்வைக்குள் கிடக்கும்போது, இவன் ஐந்து மணிக்கே எழுந்து இன்ஜினைச் சூடாக்கிக்கொண்டிருப்பான். சாயங்காலம் கடைசிப் பிள்ளையை இறக்கிய பிறகு, பின் இருக்கை வரை நடந்துபோய், ஏதாவது குழந்தை தூங்கிக் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பூட்டுவான். ஒரு நாள் என் மகள் கெய்லாவை அப்படிக் கண்டெடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். கதவைத் திறந்த எனக்கு அப்போதுதான் அவள் இன்னும் வரவில்லை என்பதே உறைத்தது. அவன் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விட்டான்.

ஓய்வு பெற்ற பிறகு மூன்று குடும்பங்கள் ஆளுக்கொரு கேரவன் வாங்கினோம். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. ஒவ்வொரு ஜூலையிலும் வடக்கே கிளம்பிவிடுவோம். முன்னால் நானும் என் வீட்டுக்காரர் மெர்வினும், நடுவில் எங்கள் ஊர் க்ளென்னும் அவன் மனைவி ஆர்டித்தும், கடைசியில் ஓரெஸ்டும் அவன் மனைவி ஸெனியாவும். கூட்டமாகப் போகும் கேரவன்காரர்களிடம் ஒரு முறை உண்டு. கடைசி வண்டிக்கு வால் என்று பெயர், அதை ஓட்டுகிறவன்தான் காவல். முன்னால் யார் வண்டி படுத்தாலும் அவன் நிறுத்திப் பார்க்க வேண்டும், அவர்களை விட்டுவிட்டு அவன் தாண்டிப் போகக் கூடாது. அந்த வேலைக்கு ஓரெஸ்டை விட்டால் ஆள் ஏது? கடைசி வண்டியே படுத்துவிட்டால் யார் பார்ப்பது என்று மட்டும் நாங்கள் பேசிவைத்ததே இல்லை.

ஸெனியா இருந்தவரை அந்தக் கவலையும் இல்லை. வாக்கி டாக்கியில் அவள் வாய் ஓயாது. "வாலு பேசுறேன்! எல்லாரும் என் கண்ணு முன்னாடிதான் போறீங்க, ஒருத்தரும் தப்பிக்க முடியாது. மெர்வின், உன் பின் விளக்கு எரியல, உன் மண்டையில எரியுதான்னு வெர்லாவைப் பாக்கச் சொல்லு!" என்பாள். வெர்லா நான்தான். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கும். ஓரெஸ்ட் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருப்பான் என்பதே மறந்துபோகும்.

அவள் போய்ச் சேர்ந்த பிறகும் அவன் வந்தான். தனி ஆளாக, அதே கடைசி வண்டியில். ஆனால் பேசமாட்டான். "வாலு, இருக்கியா?" என்று மெர்வின் கேட்டால் பொத்தானை இரண்டு முறை அமுக்குவான். டிக், டிக். இருக்கிறேன் என்று அர்த்தம். முதல் நாள் அதைக் கேட்டதும் நான் வாக்கி டாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் பழகிவிட்டது. "பய கட்டைவிரலாலயே பேசுறான்" என்று மெர்வின் கேலி செய்தார், நானும் சிரித்தேன். அப்படியே மூன்று வருடம் ஓடியது.

அந்த வருடம் கனடாவின் வடகோடியில், யூகானில் டெம்ப்ஸ்டர் சாலையில் போய்க்கொண்டிருந்தோம். முழுக்கச் சரளைக்கல். முன்வண்டி கிளப்பும் புழுதியில் பின்வண்டிக்குக் கண் தெரியாது என்பதால் ஆளுக்கு ஒரு மைல் இடைவெளி விடுவோம். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. மத்தியானம் ஒன்றரை மணிக்கு மெர்வின் கேட்டார், "வாலு, இருக்கியா?" டிக், டிக். நாங்கள் மேலே போனோம். அரை மணி கழித்துக் கேட்டபோது சத்தம் இல்லை. நடுவில் மலை வந்துவிட்டது, அலை எட்டவில்லை என்றார் மெர்வின். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

மூன்றரைக்கு ஆற்றங்கரை முகாமுக்குப் போய்ச் சேர்ந்தோம். மெர்வின் தூண்டிலை எடுத்துக்கொண்டு போனார். க்ளென் தூங்கினான். நானும் ஆர்டித்தும் கால் நீட்டி உட்கார்ந்து எங்கள் மருமகள்களைப் பற்றிக் குறை பேசித் தீர்த்தோம். ஓரெஸ்ட் எப்போதுமே தாமதமாக வந்து, வில்லோ புதர்களுக்கு அந்தப் பக்கம் ஒதுங்கி நிறுத்திக்கொள்வான். அங்கேதான் இருப்பான் என்று நினைத்தோம். நினைத்தோம் என்பதுகூடப் பெரிய வார்த்தை.

ஆறு மணிக்கு ஆர்டித் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். அன்றைக்குச் சாப்பாடு பெரோகி. உருளைக்கிழங்கும் சீஸும் பூரணமாக வைத்த கொழுக்கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸெனியாவின் பக்குவத்தில், குளிர்காலம் முழுக்கத் தனியாக உட்கார்ந்து, ஓரெஸ்ட் இருநூறு பிடித்து உறைய வைத்திருந்தான்.

"பெரோகி எங்கடி?" என்றாள் ஆர்டித்.

"ஓரெஸ்ட் ஃப்ரீசர்ல. இரு, வாங்கிட்டு வரேன்" என்று தட்டை எடுத்துக்கொண்டு புதருக்கு அந்தப் பக்கம் போனேன். அங்கே வண்டி இல்லை. வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு தட்டோடு நின்றேன்.

மெர்வினும் நானும் ஆறரைக்குத் திரும்பிக் கிளம்பினோம். வழி நெடுக நான் அவரைத் திட்டினேன், அவர் என்னைத் திட்டினார். பாதி தூரத்தில் எதிரே ஒரு லாரி வந்தது. இந்தச் சாலையில் நின்றுபோன வண்டியைப் பார்த்தும் நிற்காமல் போகிறவன் மனிதனே இல்லை. மெர்வின் கையைக் காட்டியதும் லாரிக்காரர் நிறுத்தினார்.

"வெள்ளைக் கேரவன் எதுவும் பாத்தீங்களா? பெரியவர் ஒருத்தர், தனியா?"

"பாத்தேனே. ரோட்டோரமா நாற்காலி போட்டு உக்காந்திருக்காரு. உதவி வேணுமான்னு கேட்டேன். வேணாம், எங்க ஆளுங்க வந்துட்டு இருக்காங்கன்னாரு." லாரிக்காரர் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். "நீங்கதானா அது?"

"ஆமா" என்றார் மெர்வின்.

எட்டரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். அந்த வடக்கில் ஜூலையில் ராத்திரியும் வெளிச்சம்தான், சூரியன் அசையாமல் நின்றிருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் மரமில்லாத மேடு, ஒரு சத்தம் இல்லை. நடுவில் அவன், மடிப்பு நாற்காலியில், கையை மடியில் வைத்துக்கொண்டு. எங்கள் வண்டியைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் சாகும் வரை மறக்கமாட்டேன்.

மெர்வின் டயரைக் குனிந்து பார்த்தார். கிழிந்த டயர் வண்டியின் பின்பக்க ஏணியில் கட்டியிருந்தது. மாற்று டயர் மாட்டி, நட்டெல்லாம் முறுக்கியாகிவிட்டது.

"எப்படா மாத்துன?"

"ரெண்டரைக்கு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஆறு மணி நேரமா? டயரு மாட்டியாச்சுல்ல, கிளம்பி வர்றதுக்கு என்ன? நாங்க பதறிப்போய் ஓடி வந்திருக்கோம்! அந்த ஒன்றரை மணிக்கு எதுக்கு அமுக்குன? டயரு போச்சுன்னு வாயைத் தொறந்து சொல்லக் கூடாதா?"

"இருக்கியான்னு கேட்டான். இருந்தேன்" என்றான். அப்புறம் சரளைக்கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "கிளம்பத்தான் ஏறுனேன், வெர்லா. சாவியும் போட்டேன். அப்புறம், நான் இல்லேன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்னு பாக்கலாம்னு தோணுச்சு. வேற ஒண்ணும் இல்ல. வீட்டுல அப்படிப் பாக்கறதுக்கு யாரும் இல்ல பாரு."

மெர்வின் திரும்பி நின்றுகொண்டு மூக்கைச் சிந்தினார்.

"எப்பத் தெரிஞ்சுது?" என்று கேட்டான் ஓரெஸ்ட். சின்னப் பையன் பரீட்சை மார்க் கேட்பது மாதிரி கேட்டான்.

"போய்ச் சேர்ந்த உடனே" என்றேன். "வண்டியை நிறுத்தினதும் முதல்ல உன்னைத்தான் தேடினோம். அப்படியே திரும்பிட்டோம்."

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். முப்பத்தோரு வருடம் நிமிடக் கணக்கில் பிள்ளைகளை ஏற்றி இறக்கியவனிடம் நான் போய்ப் பொய் சொல்லியிருக்கிறேன். அங்கிருந்து இங்கே வர எவ்வளவு நேரம் ஆகும், எட்டரைக்கு வந்தவர்கள் எப்போது கிளம்பியிருப்பார்கள், நாங்கள் எத்தனை மணிக்குச் சாப்பிட உட்காருவோம், எல்லாம் அவனுக்குத் தெரியும். முகத்தில் இருந்த சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் திட்டியிருந்தால் தேவலை.

"அடடா" என்றான் மெதுவாக. "பெரோகி எங்கிட்டல்ல இருக்கு. எல்லாரும் பசியோட இருப்பீங்களே."

நாற்காலியை மடித்தான். உள்ளே போய் ஃப்ரீசரிலிருந்து மூன்று பைகளை எடுத்து வந்து என் கையில் கொடுத்தான். "நீங்க முன்னாடி போங்க. க்ளென்னுக்குச் சர்க்கரை இருக்கு, பட்டினி ஆகாது."

"நீ முன்னாடி போ ஓரெஸ்ட், நாங்க பின்னாடி வரோம்" என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். அவன் கேட்கவில்லை. எங்களுக்குப் பின்னால்தான் வந்தான்.

அன்று ராத்திரி முகாமில் எல்லாரும் அவனைச் சூழ்ந்து உட்கார்ந்து விழுந்து விழுந்து கவனித்தோம். அவன் வெங்காயத்தை வெண்ணெயில் வதக்கி எங்களுக்குப் பரிமாறினான். அடுத்த வருடம் கூப்பிட்டபோது, வண்டியை விற்றுவிட்டேன் என்றான், முதுகு வலியாம். நாங்கள் அவன் இல்லாமலும் போய்விட்டுத்தான் வந்தோம்.

அன்று ராத்திரி ஆற்றங்கரையில் நான் எட்டு பெரோகி சாப்பிட்டேன். இன்னும் இரண்டு வேணுமா என்று கேட்டான். வேணும் என்றேன்.