ரெக்கைப் பாம்பு ஓட்டும் செல்லக்கிளி

முறத்தை முழங்காலில் ரெண்டு தட்டுத் தட்டினால், செல்லக்கிளி அக்கா பாம்பைக் கிளப்பப் போகிறாள் என்று அர்த்தம். ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் பிரிக்கும் நாங்கள் பன்னிரண்டு பேரும் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அடங்குவோம். கை மட்டும் ஓடும். பச்சை ஏலக்காய் ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம்.

"நேத்து எங்கன விட்டோம்?"

"பனிமொழிய அடச்சு வச்சிருக்காக."

"ஆமா. அப்பத்தான் ரெக்கைப் பாம்பு குரங்கணிக்கு மேல வந்து ஒரு வட்டம் போட்டுச்சு."

குரங்கணி எங்கள் போடி மலையில் இருக்கிற ஊர். கதையில் அது கிடையாது. பட்டாசுப் பெட்டியில் படம் போட்டிருப்பார்களே, சிறகு முளைத்து நெருப்புக் கக்கும் சீனப் பாம்பு, அதன்மேல் ஏறிச் சண்டை போடும் வீரர்களின் கதை. இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. அக்காவின் அண்ணன் சலூன் வைத்திருந்தார். முடி வெட்ட வருகிறவர்கள் கசக்கிப் போட்ட இதழ்களிலிருந்து அக்கா தாள் தாளாகக் கிழித்துச் சேர்த்து, ஐந்து பாகமாகப் பைண்டு போட்டு வைத்திருக்கிறாள். இன்றைக்கும் பிரித்தால் யாருடைய தலைமுடியாவது உதிருமாம். வீரன் பெயர் இடிவர்மன். அவன் விரும்பும் இளவரசி பனிமொழி. இருவரையும் அக்கா போடி மலைக்குக் குடியேற்றிவிட்டாள். எதிரியின் கோட்டை போடிமெட்டைத் தாண்டிக் கேரளாப் பக்கம்.

இது ஐந்தாவது தடவை. நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை, காய் வரத்து அதிகமான பருவமாகப் பார்த்து முதல் பாகத்திலிருந்து தொடங்குவாள். "தெரிஞ்ச கதைதானக்கா" என்றேன். "தெரிஞ்ச சோத்தத்தான தினமும் திங்கிற" என்றாள். டவுன்பஸ்சில் கண்டக்டர் நெருக்கினால், "சற்றே விலகி நில்லும், தளபதியாரே" என்பாள். அவர் விலகிவிடுவார்.

கிட்டங்கிக் கணக்கப்பிள்ளை பால்சாமி ஒரு ரகசியம் கண்டுபிடித்தவர். கதையில் சண்டை வந்தால் எங்கள் கை பறக்கும். காதல் வந்தால் நின்றுவிடும். அதனால் லோடு ஏற்றும் நாளில் வாசலிலேயே சொல்லிவிடுவார்: "செல்லக்கிளி, சாயந்தரம் லாரி வருது. இன்னைக்குப் பூராவும் வெட்டுக்குத்தாப் பாத்துச் சொல்லு." பிறகு தூணுக்குப் பின்னால் நின்று அவரும் கேட்பார். இளவரசி கடிதம் எழுதும் இடத்தில் ஒருநாள் மூக்கை உறிஞ்சினார். "காய் நெடி" என்றார். முப்பது வருஷமாக அதே நெடியில் உட்கார்ந்திருக்கிறவர்.

போன மாதம் பாம்பு நெருப்புக் கக்கும் நேரம் பார்த்து, நான் ஒரு பொட்டுவெடியைக் கல்லால் தட்டினேன். மூன்று முறம் கவிழ்ந்தது. பிரித்த காயெல்லாம் கலந்துபோய், மறுபடி பொறுக்கி முடிக்க மத்தியானம் ஆனது. ஆளாளுக்கு என்னை ஏசினார்கள். அக்கா மட்டும் என் பக்கம் சாய்ந்து, "ஏய் எட்டாங்கிளாசு, இன்னொண்ணு வச்சிருக்கியா? கோட்டைய ஒடைக்கிறப்ப வேணும்" என்றாள். எட்டாம் வகுப்போடு நின்றதால் எனக்கு அந்தப் பெயர். அக்கா ஐந்தாவது வரை. மற்றவர்கள் எல்லோரும் கைநாட்டு.

அக்காவுக்குப் பக்கத்து முறம் மொக்கம்மாளுடையது. தொடர் வாராவாரம் வந்துகொண்டிருந்த காலத்தில் மொக்கம்மாள் நிறைமாசம். நாலாம் பாகத்தில் மகன் பிறந்தான். யாரையும் கேட்காமல் இடிவர்மன் என்று பெயர் வைத்துவிட்டாள். கடைசி அத்தியாயம் வந்தபோது பிள்ளை இதே கிட்டங்கியில் தொட்டிலில் கிடந்ததாம். இப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. முன் கண்ணாடியில் தன் பெயரைச் சிவப்பாக எழுதிக்கொண்டு, போடிமெட்டு வளைவுகளில் பாட்டுப் பாடியபடி ஜீப்பு ஓட்டுகிறான்.

ஆனால் எஸ்டேட் ஆட்களை ஏற்றிக்கொண்டு அவன் முதல்முறை தனியாக மலை ஏறிய அன்று நல்ல மழை. மொக்கம்மாள் ஒரு காய் எடுப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தாள். அன்றைக்குத்தான் கதையிலும் கடைசி அத்தியாயம்.

"சொல்லு செல்லக்கிளி. அந்தக் கல்யாணத்தக் கேட்டாத்தான் எனக்கு நெஞ்சு அடங்கும்."

அக்காவுக்குச் சளியில் தொண்டை கட்டிக் காலையிலிருந்தே பேச்சு வரவில்லை. நாளைக்கு என்று கையைக் காட்டினாள்.

"அப்ப எட்டாங்கிளாசு படிக்கட்டும்" என்று மொக்கம்மாள் அக்காவின் மடியிலிருந்த ஐந்தாம் பாகத்தை உருவி என்னிடம் கொடுத்தாள். அக்கா அதைப் பிரித்து நாங்கள் பார்த்ததில்லை. மடியில் வைத்துக்கொண்டு மனப்பாடமாகத்தான் சொல்வாள். வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கூச்சம் என்று நினைத்துவிட்டேன்.

கடைசித் தாளில் நாலு வரி சத்தமாகப் படித்தேன். ஐந்தாவது வரி, 'பிடி நழுவியது. மலைப் பிளவின் இருளுக்குள் இடிவர்மன் வீழ்ந்து மடிந்தான்' என்று இருந்தது. கீழே அரைப்பக்கத்துக்குப் படம். பாம்பு மேலே பறக்க, அவன் தலைகீழாகப் பாதாளத்தில். கல்யாணம் எங்கேயும் இல்லை. பத்தொன்பது வருஷமாகக் கிட்டங்கி கேட்டுவந்த கல்யாணம் அக்கா நடத்திவைத்தது.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டங்கியையே கவிழ்க்க இதைவிடப் பெரிய பொட்டுவெடி எனக்குக் கிடைக்கப்போவதில்லை.

"ஏன்டி நின்னுட்ட?" என்றாள் மொக்கம்மாள்.

"எழுத்து மங்கியிருக்கு பெரியம்மா" என்று தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தேன்: "பாம்பு பூப்போலத் தரையிறங்கியது. இடிவர்மன் இளவரசியின் கழுத்தில் மாலையிட்டான். பந்தியில் ஏழு வகைக் கூட்டு, அதிரசம், நீர்மோர்."

"போன தடவ கறிச்சோறுல்ல போட்டாக" என்றார் தூணுக்குப் பின்னாலிருந்த பால்சாமி.

"அது மறுவீட்டுக்கு" என்றேன்.

மொக்கம்மாள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "என் மகனும் வெரசா எறங்கி வந்துருவான்" என்றாள். பிறகு கையை நீட்டினாள். "கல்யாணப் படம் போட்டிருப்பாகள்ல. கொண்டா, பாப்பம்."

எழுத்தை மாற்றிப் படித்துவிடலாம். படத்தை என்ன செய்ய?

அக்கா எட்டி என் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கினாள். துண்டுக் காகிதம் காலில் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள், அதைத் தரையில் போட்டு, அதன்மேல் சம்மணம் கூட்டி உட்கார்ந்து, முறத்தை மடிக்கு இழுத்துக் காய் பொறுக்கத் தொடங்கினாள்.