சபையில் சொன்ன பங்குகள்

ஐயா மலாயா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர். அங்கே சேர்த்த பணத்தில் மூன்று றப்பர்க் கொம்பனிகளில் பங்கும், நீர்வேலியில் முப்பது பரப்பு வாழைத் தோட்டமும் வாங்கியிருந்தார். அதனால் அண்ணை உழைக்கப் போகவில்லை. வெள்ளை வேட்டியோடு அவர் ஒழுங்கையில் நடக்கும்போது, "தகப்பன்ரை காசு நடந்து வருது" என்று கிணற்றடியில் யாராவது சொல்வார்கள். அது அவருக்கும் கேட்கும்.

அக்காவுக்கு உடுப்பிட்டியில் சம்பந்தம் பேசினார்கள். மாப்பிள்ளை கொழும்பில் அரசாங்கக் கிளாக்கர். அவருடைய தாய்மாமன் எங்கள் ஊர்த் தலைமைக்காரரான விதானையார். எங்கள் வழக்கப்படி சீதனத்தை முதலில் சபையில் வெற்றிலைத் தட்டின் முன் வாயால் சொல்ல வேண்டும். உறுதிப் பத்திரம் பிறகுதான் எழுதுவது. பத்துப் பரப்புத் தோட்டம், காலமான அம்மாவின் நகைகள், பங்குகள் முழுவதும் என்று ஐயா சொன்னார். உறுதி எழுத நாள் பார்ப்பதற்குள் நெஞ்சு வலி வந்து இறந்துபோனார்.

இறந்தவர் சொத்துக்கு வரி உண்டு. அதை மதிப்பிட அரசாங்கக் கச்சேரியிலிருந்து ஓர் உத்தியோகத்தர் வந்தார். ஊர்ச் சாட்சியாக விதானையார் பக்கத்துக் கதிரையில் இருந்தார். அவரையே சாட்சியாக வைத்துக்கொண்டு அண்ணை எப்படி அந்தப் பொய்யைச் சொன்னார் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

"பங்கு ஏதும் இருக்கோ?"

"இல்லை. எல்லாத்தையும் ஐயா முந்தியே வித்துப் போட்டார்."

விதானையார் தலையை நிமிர்த்தவில்லை. உத்தியோகத்தரின் குதிரை வண்டி வாசற்படலையைத் தாண்டியதும் கேட்டார்:

"தம்பி, கொப்பர் சபையிலை சொன்ன பங்கு எங்கை?"

"அது இருக்கு, விதானையார். கவுண்மேந்துக்குச் சொல்லுறது வேறை. ஆர்தான் உள்ளதைச் சொல்லுறான்?"

"அப்ப எங்களுக்குச் சொன்னதும் உப்பிடித்தானோ?"

"ஐயோ, சத்தியமா இருக்கு. பெட்டியைத் திறந்து காட்டட்டே?"

"எனக்கேன் காட்டுறாய்? நாளைக்குக் கச்சேரியிலை போய்க் காட்டு. நான் பொய்க்குக் கையெழுத்து வைக்கமாட்டன். அங்கை பங்கு இல்லையெண்டால் எங்களுக்கும் இல்லை. கலியாணமும் இல்லை."

அறைக் கதவுக்குப் பின்னால் அக்காவின் வளையல் ஒரு முறை சத்தமிட்டது. அக்கா வெளியே வரவில்லை. அண்ணை வெகுநேரம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கச்சேரிக்குப் போனார். உள்ளதைச் சொன்னார். தண்டமும் சேர்த்து வரி வந்தது. அதைக் கட்டப் பங்குகளை விற்க வேண்டியிருந்தது. அப்போது றப்பர் விலை விழுந்து கிடந்தது. மூன்று கொம்பனிப் பங்கும் போய்விட்டது. மிச்சக் காசு ஐயா சபையில் சொன்னதற்குப் பாதிகூடக் காணாது.

அந்தக் குறைக்கு ஈடாக அண்ணை தன் பங்காக வந்த பத்துப் பரப்பையும் அக்காவின் பேருக்கு எழுதினார். எனக்கு இருபத்தொரு வயது ஆகவில்லை. என் பத்தைச் சட்டப்படி எழுத முடியாது. வயது வந்தபின் அதை ஒருவரும் கேட்கவுமில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இத்தனை வருடமாகக் கணக்குப் பார்க்கிறேன். முடிவு ஒரே மாதிரி வருவதில்லை.

ஆவணியில் கலியாணம் நடந்தது. அத்தான் அக்காவைக் கொழும்புக்குக் கூட்டிப் போனார். அக்காவின் தோட்டத்தைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. அண்ணை அதைக் குத்தகைக்குக் கேட்டு எடுத்தார். அவர் முதல் முறை தண்ணீர் இறைக்கக் கிணற்றுத் துலாவில் ஏறி மிதித்த காலையில் பக்கத்துத் தோட்டக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள்.

"கவனம், விழுந்து போவாய்!" என்று ஒருவர் சிரித்தார்.

அண்ணை துலாவில் அடுத்த அடியை வைத்தார். நான் கீழே பனையோலைப் பட்டையைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றேன். வெயில் ஏறியபோது பார்க்க வந்தவர்கள் தங்கள் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். கிணற்றடியில் அதன் பிறகு ஐயாவின் காசைப் பற்றிய கதை எழவில்லை. அண்ணை குத்தகைக் காசை வருடா வருடம் அக்காவுக்கு அனுப்பினார். ஒரு வருடமும் தவறவில்லை.