அவனுக்கு மட்டும் தீர்ந்துபோன பருத்திப்பால்

என் அத்தை, அப்பாவின் தங்கை, தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் சாயங்காலம் பணியாரம் சுட்டு விற்கிறார். மாமா போனபிறகு அந்தச் சட்டியை வைத்துத்தான் குடும்பம் நடந்தது.

போன வருடம் சென்னையிலிருந்து ஒருவன் வந்தான். வீடியோ எடுப்பவன். மதுரைச் சாப்பாட்டை நடந்தே பார்க்க வேண்டும் என்றான். நண்பனுக்கு நண்பன் என்பதால் நான்தான் கூட்டிக்கொண்டு அலைந்தேன். பருத்திப்பால் வண்டி, பாய் கடைச் சுக்கா, ரயில்வே காலனியில் ஓர் அக்கா கிறிஸ்துமஸுக்கு ஊறப்போடும் திராட்சை ஒயின் என்று எல்லாமே என் மூலம் பழகிக்கொண்டான். அத்தை தட்டு தட்டாக வைத்துக் கொடுத்தார்.

வீடியோவில், அத்தையின் மாவில் கரப்பான் மிதந்தது என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தான். சுத்தப் பொய். பக்கத்தில் நின்று தின்றவன் நான். போனில் கேட்டேன். "அப்பத்தான் பாஸ் பாப்பாங்க" என்றான். அதன்பின் எடுக்கவில்லை.

வாங்க ஆள் வராமல் அந்த மழைக்காலம் முழுக்க அத்தையின் அடுப்பு எரியவில்லை. அவர் யாரையும் திட்டவில்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

டிசம்பரில் அவன் திரும்பி வந்தான், 'பாரம்பரிய உணவு நடை' என்று விளம்பரம் போட்டு வெளியூர் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு. நான் காட்டிய கடைகள், நான் காட்டிய அதே வரிசை.

அன்று மதியமே மொபெட்டில் ஒவ்வொரு கடைக்கும் போனேன். யாரிடமும் கெஞ்சவில்லை. அவன் வாரான் என்று மட்டும் சொன்னேன். அதுவே போதுமானதாக இருந்தது.

சாயங்காலம் அவன் கூட்டத்தோடு வந்து நின்றபோது பருத்திப்பால் அண்டாவில் ஆவி பறந்துகொண்டிருந்தது. "தீந்துபோச்சுண்ணே" என்றார் வண்டிக்காரர் அவனிடம். எனக்கு ஒரு டம்ளர் ஊற்றினார். அவன் பார்க்கப் பார்க்க மெதுவாகக் குடித்தேன். அவ்வளவு ருசியாக அதற்கு முன் குடித்ததில்லை. பாய் கடையில் சுக்கா முழுக்கக் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டதாம். கூட்டம் முணுமுணுக்க ஆரம்பித்தது. ஒயின் இருக்கிறது என்று சமாதானம் சொல்லி, ரயில்வே காலனிக்கு ஆட்டோவில் ஏற்றினான். நான் பின்னாலேயே போனேன்.

அக்கா கதவைத் திறந்து, "ஒயின் இருக்கு தம்பி. கரப்பான் கெடக்கும், பரவாயில்லையா?" என்றார்.

கூட வந்த பெண் ஒருவர் என்ன விஷயம் என்று கேட்டார். நான் முன்னால் போய் வீடியோவைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். தனியாகப் பேசலாம் என்று அவன் என் கையைப் பிடித்தான். உதறிவிட்டு எல்லார் முன்னாலும் சொல்லி முடித்தேன்.

அந்த வாரம்தான் மறுபடி அடுப்பு மூட்டியிருந்த அத்தையிடம் அவர்களைக் கூட்டிவந்தேன். பசியில் சட்டியைச் சுற்றி நின்றார்கள். அவன் சந்து முனையிலேயே நின்றான். அத்தைக்குப் பொறுக்கவில்லை. ஒரு தட்டை எடுத்து, என்னைப் பார்த்தார்.

"அவனுக்கு மாவு இல்ல அத்தை" என்றேன்.

பாதிக்கு மேல் மாவிருந்த பாத்திரத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு, மற்றவர்களுக்கு அடுத்த ஈடு ஊற்றினார்.

மறுநாள் வீடியோ காணாமல் போனது. வியாபாரம் திரும்பிவிட்டது. "விட்ருப்பா, போதும்" என்கிறார் அத்தை. எனக்குப் போதவில்லை. இப்போது அவன் உணவு நடையைத் தஞ்சாவூரில் நடத்துகிறானாம். என்னோடு படித்தவன் ஒருவன் அங்கே பெரிய கோயில் பக்கம் ஹோட்டல் வைத்திருக்கிறான். போன வாரம் அந்த ஹோட்டல்காரனிடம் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தேன்.