நிரம்பாத குழி

தண்ணீர் குழியின் கழுத்துவரை ஏறியதும் நெல்வா ரப்பர் குழாயை வெளியே இழுத்துப் போட்டாள். உள்சுவரில் தண்ணீர் தொட்டு நின்ற இடத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு கிழித்தாள். பிறகு கையுறையைக் கழற்றி, முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, லாரிப் படியில் உட்கார்ந்து, பிளாஸ்க் வெந்நீரில் மாத்தே இலை டீ கலக்க ஆரம்பித்தாள்.

"இப்ப என்ன?" என்றாள் எடெல்வைஸ்.

"இப்ப சும்மா இருக்கணும்."

எடெல்வைஸால் சும்மா இருக்க முடியாது. அது அவள் வீட்டுக் கழிவுக் குழி. குழிக்குக் கீழே, சரிவில், அவள் வீட்டு உறைகிணறு. அந்தத் தண்ணீரில் கழுவிய பாத்திரங்களில்தான் அவள் சீஸ் செய்துவந்தாள். தண்ணீரில் இருக்கக் கூடாதது இருக்கிறது என்று சோதனையில் வந்துவிட்டது. தலைநகர் மோன்தெவிதேயோவுக்குப் போக வேண்டிய சீஸெல்லாம் கொட்டகைப் பலகைகளில் அப்படியே இருந்தது. வியாழக்கிழமை சுகாதார இன்ஸ்பெக்டர் மறுபடி சோதனைக்குத் தண்ணீர் எடுக்க வருகிறார். அதுவும் கெட்டதாக இருந்தால் கொட்டகைக்கு சீல்.

காரணம் யார் என்று எடெல்வைஸ் ஏற்கனவே முடிவு செய்திருந்தாள். நெல்வாவின் லாரி ஊர்க் கழிவையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு இந்தச் சாலை வழியாகத்தான் போகிறது. வளைவில் வால்வைத் திறந்துவிட்டுப் போகிறாள் என்று ரொட்டிக் கடையில் சொன்னாள். பள்ளிக்கூட வாசலிலும் சொன்னாள். அது நெல்வாவின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் யாரும் கூப்பிடாமலே காலையில் வந்து, வாசலில் லாரியை நிறுத்தி, உன் குழியைத் திறந்து காட்டு என்றாள்.

நெல்வா முன்பு பால் லாரி ஓட்டியவள். பால் பண்ணை மூடியபோது இந்தப் பழைய லாரியை வாங்கினாள். ஆரம்பத்தில் அவளோடு கைகுலுக்கக்கூட ஆள் இல்லை. தூரத்திலிருந்தே தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அவள் டேங்கருக்குப் பால் வண்டி மாதிரியே வெள்ளை அடித்தாள். தினமும் சாயங்காலம் கழுவினாள். எங்கள் சாலையில் இன்னும் அவளுக்குப் பால்காரி என்றுதான் பெயர். அவளே அப்படித்தான் போனை எடுப்பாள்.

அடிக்கடி கூப்பிடுகிற வீடுகளைப் பற்றி அவளுக்குக் கவலை கிடையாது. கூப்பிடாத வீடுகளைத்தான் அவள் நினைவில் வைத்திருந்தாள். இங்கே குழியைச் சுற்றிச் சிமெண்ட் பூச வேண்டும், விழுவது உள்ளேயே நிற்க வேண்டும். நின்றால் நிரம்பும், நிரம்பினால் லாரி வர வேண்டும். அதைத் தவிர்க்கச் சிலர் சுவரின் மேல்பக்கம் ஓட்டை போட்டு ஒரு குழாயைச் செருகி மண்ணை மூடிவிடுவார்கள். அந்தக் குழாய்க்குத் திருடன் என்று பெயர். தன் வீட்டில் திருடன் இருப்பதாக இதுவரை யாரும் ஒப்புக்கொண்டதில்லை.

எடெல்வைஸ் வீட்டிலிருந்து நெல்வாவுக்கு ஒருமுறைகூட அழைப்பு வந்ததில்லை. அதற்கு எடெல்வைஸ் சொல்லும் காரணம் வேறு. சீஸ் எடுத்த பிறகு மிஞ்சும் தண்ணீரைச் சனிக்கிழமைதோறும் ஒரு வாளி குழியில் ஊற்றுவாள். அது உள்ளே இருப்பதைத் தின்றுவிடும் என்பாள். நாங்களும் பாட்டிலில் வாங்கிக்கொண்டு போய் ஊற்றினோம். எங்கள் குழிகள் எப்போதும்போல நிரம்பின. நாங்கள் கிழமை தவறி ஊற்றுகிறோம் என்று அவள் சொல்லிவிட்டாள்.

இரண்டாவது பிளாஸ்க் தீரும்போது நெல்வா எழுந்து போய்க் குனிந்து பார்த்தாள். தண்ணீர் சாக்கட்டிக் கோட்டுக்கு ஒரு சாண் கீழே இறங்கி நின்றிருந்தது.

"விரிசல்னா இறங்கிக்கிட்டே இருக்கும். இது ஒரே இடத்துல வந்து நிக்குது. குழாய் இருக்கு."

"எங்க வீட்டுலயா?"

"உன் வீட்டுக்காரரைக் கூப்பிடு."

ஓஸ்மார் காலையிலிருந்து ஒரே வேலிக் கம்பத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். வந்து தொப்பியைக் கழற்றினார். குழி கட்டும்போதே வைத்ததுதான் என்றார். அப்போது சரிவில் கிணறு இல்லை, வெறும் புல்தான்.

எடெல்வைஸ் சரிவைப் பார்த்தாள். வறட்சி வந்த வருஷம் அவர்களுடைய பழைய மேட்டுக் கிணறு வற்றிப்போனது. நிலம் முழுக்கக் காய்ந்து கிடந்தபோது அந்த ஒரு இடத்தில் மட்டும் புல் பச்சையாக நின்றது. அங்கே தண்ணீர் இருக்கிறது, அங்கே தோண்டுங்கள் என்று சொன்னது அவள்தான்.

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல, குண்டா," என்றாள். வீட்டில் அவரை அப்படித்தான் கூப்பிடுவாள்.

"நீ அவ்வளவு சந்தோஷமா இருந்த, கிழவி. மண்ணு வடிகட்டிடும்னு நெனச்சேன்."

"நான் வாரா வாரம் ஊத்தினது?"

நெல்வா, பன்றிகளுக்கு ஊற்றியிருந்தால் அதுங்களாவது கொழுத்திருக்கும் என்றாள். யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எடெல்வைஸ் சிரித்தாள், பிறகு ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமைக்குள் கிணறு சுத்தமாகிவிடுமா என்று கேட்டாள். ஆகாது என்றாள் நெல்வா. குழாயைப் பிடுங்கினாலும் அந்த மண் இத்தனை வருஷம் குடித்தது அதிலேயே இருக்கும்.

"மேட்டுக் கிணத்தை யாராவது திறந்து பாத்தீங்களா?"

வற்றின கிணறு அது என்றார் ஓஸ்மார். நெல்வா, வறட்சி முடிந்து எவ்வளவு மழை பெய்திருக்கிறது என்று மட்டும் கேட்டுவிட்டு நடந்தாள். அந்தக் கிணறு குழிக்கு மேலே, பால் கறக்கும் இடத்துக்கும் அப்பால் இருந்தது. மூடியின்மேல் எடெல்வைஸ் பூந்தொட்டிகள் வைத்திருந்தாள். அவளே அவற்றை ஒவ்வொன்றாக இறக்கினாள். மூவருமாக மூடியை நகர்த்தினார்கள். நெல்வா ஒரு கல்லைப் போட்டாள். தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

எடெல்வைஸ் இன்னொரு கல்லை எடுத்துத் தானும் போட்டாள்.

"நாளைக்கு வரியா?" என்றாள்.

"காசுக்கா, இல்ல வளைவுல நான் கொட்டினதா சொன்னியே, அதுக்குத் தண்டமா சும்மாவா?"

"ரொட்டிக் கடையில நானே சொல்லிடறேன்."

மறுநாள் நெல்வா வந்து குழியைக் காலி செய்தாள். ஓஸ்மார் வெளிச்சுவரை ஒட்டித் தோண்டி, குழாயைக் கண்டுபிடித்துப் பிடுங்கினார், ஓட்டையைச் சிமெண்டால் அடைத்தார். மேட்டுக் கிணற்றை இரண்டுமுறை இறைத்தார்கள். ஊறியது. குளோரின் போட்டு மூடினார்கள். எடெல்வைஸ் இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்து, வியாழக்கிழமை வேறு கிணற்றில் எடுக்க வேண்டும் என்றாள், ஏன் என்றும் சொன்னாள். பிறகு ரொட்டிக் கடைக்குப் போனாள். அங்கே வரிசையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். திருடன் எங்கள் வீட்டில்தான் இருந்தான் என்று சொன்னாள், ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பினாள். அன்று சாயங்காலமே மேல் சாலையிலிருந்து, இதுவரை லாரியைக் கூப்பிடாத இரண்டு வீட்டார் பால்காரிக்குப் போன் செய்தார்கள்.