சிப்பாங்கில் பத்து மணி நேரம்

ஆக்லாந்தில் விமானம் ஏறி உட்கார்ந்ததுமே பட்டியல் போட ஆரம்பித்துவிட்டேன். காலை ஒன்பது மணிக்கு என் ஊர்ப் பக்கத்துச் சிப்பாங் விமான நிலையத்தில் இறங்கினால், சென்னைக்குப் போகும் அடுத்த விமானம் மாலை ஏழு மணிக்குத்தான். நடுவில் பத்து மணி நேரம். அக்கா காரோடு வருவதாகச் சொல்லியிருந்தாள். ரொட்டி சானாய், சி ரூசா கடற்கரை, வாழையிலைச் சாப்பாடு, முடிவெட்டு என்று கைப்பேசியில் ஒவ்வொன்றாகத் தட்டி, பக்கத்தில் நிமிடக் கணக்கும் எழுதி வைத்தேன். முடி வெட்டி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அப்பாவின் வீடு அந்தப் பட்டியலில் இல்லை.

நான் நியூசிலாந்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் இயந்திரம் பழுதுபார்க்கிறேன். புதிதாக வாங்கப்போகும் ஒரு இயந்திரத்தைப் பற்றிப் படித்துவர என்னைச் சென்னைக்கு அனுப்பினார்கள். ஊரை விட்டு ஆறு ஆண்டு ஆகியிருந்தது. அம்மா இறந்தது தொற்றுக் காலத்தில். எல்லா நாடும் கதவைச் சாத்திக்கொண்டிருந்தபோது. இறுதிச் சடங்கைக் கைப்பேசியில்தான் பார்த்தேன். கதவு திறந்த பிறகும் நான் போகவில்லை. ஒவ்வொரு ஆண்டும் ஒரு காரணம் அகப்பட்டது.

வெளியே வந்ததும் அக்கா கட்டிப்பிடித்தாள். பிறகு தள்ளி நின்று பார்த்து, "இளைச்சிட்டேடா" என்றாள். நான் மணியைப் பார்த்தேன். பத்து அடிக்க ஐந்து நிமிடம்.

"சுவா வழியா போலாம். அப்பாவப் பாத்துட்டு அப்புறமா கடலுக்குப் போவோம்" என்றாள்.

"ஹைவேல போக்கா. மொதல்ல பசிக்குது."

"ஹைவே சுத்துலா. சுவா வழியா போனா சீக்கிரம்."

"பரவால்லக்கா. வரும்போது பாத்துக்கலாம்."

அவள் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு ஹைவேயில் ஏறினாள்.

சிரம்பான் பக்கம் ஒரு கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டோம். ஆறு ஆண்டாக நினைத்துக்கொண்டிருந்த ரொட்டிதான்; நான்கு வாயில் முடித்துவிட்டு, "போலாமா?" என்றேன். அக்காவின் கோப்பையில் தே தாரிக் டீ பாதிகூடக் குறையவில்லை. சி ரூசாவில் கடல் உள்வாங்கிக் கிடந்தது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஈர மணலில் வேகமாக நடந்தேன். பின்னாலிருந்து அக்கா கத்தினாள்: "யாருடா தொரத்துறாங்க ஒன்ன?"

நானும் அவளும் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். அப்போது அவள், என்னை ஆறுதல்படுத்துவதாக நினைத்து, "நீ வரமுடியாமப் போனத நெனச்சி மனச ஒழப்பிக்காதடா. கடைசி வரைக்கும் ஃபோன்ல பாத்தேல்ல, அதுவே போதும்" என்றாள்.

நான் கடைசி வரை பார்க்கவில்லை.

இதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவைப் பெட்டியில் வைத்து மூடப் போனபோது என்னால் தாங்க முடியவில்லை. கட்டைவிரலால் அழுத்தித் தொடர்பைத் துண்டித்துவிட்டேன். கைப்பேசியைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன். மறுநாள் அக்கா அழைத்து இதே வார்த்தைகளைச் சொன்னபோது "ஆமாக்கா" என்று சொல்லிவிட்டேன். அவள் எப்படி அப்படி நினைத்தாள் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் அன்று கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நின்றது அப்பா. அவருக்குத் தெரியாமல் இருக்காது. அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை பேசிக்கொண்டுதான் இருந்தோம். மழை பெய்கிறதா, சாப்பிட்டாயா, குளிர் எப்படி என்று. அதைப் பற்றி மட்டும் அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் போயிருப்பேனோ என்னவோ.

வாழையிலைச் சாப்பாடு முடிந்தது. முடிவெட்டும் கடையில் எனக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். பரவாயில்லை, காத்திருக்கிறேன் என்றேன். முடிவெட்டுபவர் என் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "இதுல என்னா அண்ணே வெட்டறது?" என்றார். கண்ணாடியில் அக்காவின் முகம் தெரிந்தது. அவள் சிரிக்கவில்லை.

காரில் ஏறியதும் கதவைப் பூட்டினாள். "மணி ரெண்டு. இனிமே நீ சொல்ற எடத்துக்கெல்லாம் நான் போமாட்டேன். நேரா சுவா."

"அக்கா, டைம்..."

"வாய மூடு."

அப்பா புக்கிட் பெலண்டோக் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் செம்பனைக் குலை வெட்டியவர். கடைசியில் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோராகி, ஓய்வுபெற்ற பிறகு சுவாவில் ஒரு தாமான் குடியிருப்பில் சிறிய வீட்டை வாங்கிக் குடிவந்தார். அந்தச் சந்துக்குள் கார் திரும்பியது. இறங்கி என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். ஒன்றும் சரியாக வரவில்லை.

வீடு பூட்டியிருந்தது.

அக்கா அழைத்துப் பார்த்தாள். வீட்டுக்குள் மணி அடித்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தாள். மறுபடியும் உள்ளேதான் அடித்தது. அப்பாவுக்கு வயது எழுபத்து மூன்று, இனிப்புநீர் நோய் வேறு. நான் சன்னல் கம்பியைப் பிடித்து உள்ளே எட்டிப் பார்த்தேன். தொலைக்காட்சி மேல் கைப்பேசி வெளிச்சமாகத் துடித்துக்கொண்டிருந்தது. "அப்பா! அப்பா!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே யாரோ சிறுபிள்ளையின் குரல் போலக் கேட்டது. கதவை உடைப்பதற்காகத் தோளைக் கொடுத்தபோது, பக்கத்து வீட்டு அம்மா வெளியே வந்தார்.

"ஏன்பா கதவப் போட்டு இடிக்கிற? ஒங்கப்பா ஏர்போர்ட்டுக்குப் போயி எவ்ளோ நேரமாச்சு! எங்க வீட்டுக்காரரோட டாக்சிலதான் போனாரு, காலையில பத்து மணிக்கு."

அக்கா அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையேலா" என்றாள். பிறகு துள்ளி எழுந்தாள். பூட்டிய வீட்டை நான் திரும்பிப் பார்க்கக்கூட நேரமில்லை.

விமான நிலையத்தின் புறப்பாட்டுக் கூடத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடினேன். வரிசை வரிசையாகப் பெட்டி ஒப்படைக்கும் இடங்கள். எல்லா நாற்காலியிலும் வயதானவர்கள் உட்கார்ந்திருப்பது போலவும், எல்லாரும் அப்பா மாதிரியும் தெரிந்தது. அக்கா மறுபக்கம் போனாள். மணி மூன்றே முக்கால் ஆனபோது அக்காவிடமிருந்து அழைப்பு. "கீழ வா. லிஃப்ட்ல கீழ. வேலக்காரங்க சாப்புடுற கடை இருக்கு, அங்க."

அது பயணிகள் போகாத இடம். சீருடைக்காரர்கள் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் அப்பா, வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்ட கால்சட்டை. எதிரில் துப்புரவு வேலை செய்யும் ஒரு தமிழ்ப் பெண். அவரோடு பேசிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும், "வந்துட்டியா? ஒக்காரு. மீன் நல்லாருக்கு" என்றார்.

அந்தப் பெண் எழுந்து இடம் விட்டார். "ஒங்க மகனா? காலையில இருந்து இவருகூடத்தான் பேச்சு. ரயில்ல, பிளேன் ஏறுற அந்தக் கட்டடத்துக்குப் போலாமான்னு கேட்டாரு, டிக்கெட் இல்லாம விடமாட்டாங்கன்னு சொன்னேன். மாடியில பிளேன் பாக்குற எடத்தக் காட்டினேன். இருவத்தாறு எண்ணினாராம்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

"ஏம்ப்பா இப்டி பண்ணீங்க? வீட்டுலயே இருக்கக்கூடாதா?" என்று அக்கா அழுதாள்.

அப்பா தட்டைத் துடைத்தபடி சொன்னார். "இவன் வீட்டுக்கு வரமாட்டான்னு எனக்குத் தெரியும். ஆனா பிளேன் ஏறணும்னா இங்கதானே வரணும்."

அக்கா சாப்பாடு வாங்கப் போனாள். நாங்கள் இருவர் மட்டும். நான் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "அப்பா, அன்னிக்கு நான் ஃபோன..."

"கட் பண்ணிட்ட. தெரியும்."

"லைன் போயிடுச்சுன்னு..."

"லைன் போனா ஒடனே திருப்பி அடிச்சிருப்ப. நீ அடிக்கல." தண்ணீர் குடித்தார். "சித்தப்பா, அத்த, அக்கா எல்லாரும் சுத்தி நின்னாங்க. மகன் பாக்கலன்னு தெரிஞ்சா ஆளுக்கொன்னு பேசுவாங்க. அதான் தூக்கிப் புடிச்சிக்கிட்டே நின்னேன், சுடுகாடு வரைக்கும். கை வலிச்சிது. ஒங்கம்மாவ நான் எங்கடா பாத்தேன்? ஃபோனத்தான் பாத்தேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. கைவலியைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னார். இருந்தும் அந்தக் கடைசி வார்த்தைகள் என்னை உலுக்கிவிட்டன. என்னைக் காப்பாற்றப் போய் அவர் தன் பங்கை இழந்திருந்தார். அது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. நான் அழுதேன். பக்கத்து மேசையில் இருந்த மலாய்க்காரர் ஒரு கைத்துடைப்புத் தாள் பெட்டியை என் பக்கம் நகர்த்திவிட்டுத் தன் சோற்றைப் பார்த்துக்கொண்டார்.

"சரி விடு. அக்கா வர்றா" என்றார் அப்பா.

நான் உள்ளே போவதற்கு மிச்சம் இருந்தது இரண்டு மணி நேரம். அப்பா பிளேன் பார்க்கும் இடத்துக்கு எங்களை அழைத்துப் போனார், கழிவறை எங்கே, குடிதண்ணீர் எங்கே என்று வழியெல்லாம் காட்டிக்கொண்டு. நான் மணியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் இப்போது, நேரமே போகாதே என்று பார்த்தேன்.

சென்னையிலிருந்து திரும்பும்போது பயணச்சீட்டை மாற்றி மூன்று நாள் சுவாவில் தங்கினேன். அம்மாவின் படத்துக்கு முன்னால் முதல் நாள் நிற்க முடியவில்லை. இரண்டாம் நாள் நின்றேன். மூன்றாம் நாள் எனக்கு வீட்டுக்குள் இருப்புக்கொள்ளவில்லை. கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தேன். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "ஒரு எடத்துல ஒக்காருடா, செய்தி கேக்கல" என்று அதட்டினார். அவர் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.